லினக்ஸில் தீராத வன்பொருள் வழுக்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புது லேப்டாப்பில் ஆசையாக லினக்ஸ் ஏற்றுகிறீர்கள். எல்லாம் நன்றாக ஓடுகிறது. நான்காம் நாள், பாதி முடித்த வேலையோடு திரை அப்படியே உறைந்து நிற்கிறது. தேடிப் பார்த்தால் அதே மாடல், அதே கோளாறு. ஐந்து வருடத்துக்கு முன்பே யாரோ பதிந்திருக்கிறார்கள். அதன் கீழே "எனக்கும் இதேதான்" என்று வரிசையாகப் பலர். வழு (பக்) இன்னும் சரிசெய்யப்படாமல் திறந்தே கிடக்கிறது.

அப்போது வரும் கோபம் நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய பொருள், வேலை கெடுகிறது, கேட்க ஆள் இல்லை. ஆனால் இத்தனை வருடம் என் கணினியோடும் நண்பர்களின் கணினிகளோடும் மல்லுக்கட்டியதில் ஒன்று புரிந்தது. மென்பொருள் வழுவை அதை எழுதியவர் தன் மேசையிலேயே வரவழைத்துப் பார்த்துவிடலாம். வன்பொருள் வழு அப்படியில்லை. உங்கள் மாடல், உங்கள் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) பதிப்பு, உங்கள் வைஃபை அட்டை எல்லாம் சேர்ந்தால்தான் அது தலைகாட்டும். அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுபவரிடம் அந்தப் பெட்டி இருக்காது. பல நேரம் அந்தச் சில்லுக்கான ஆவணமும் அவருக்குக் கிடைத்திருக்காது. நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதச் சொல்வது மாதிரிதான்.

அதனால் கீழே முடிந்த இடத்திலெல்லாம் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, இன்றைக்கு வேலை நடக்க ஒரு கைவைத்தியம். இன்னொன்று, அந்தக் கைவைத்தியம் பலித்தால் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று அது காட்டிக்கொடுப்பது. பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். வழுக்கள் வருடக்கணக்கில் திறந்தே கிடப்பதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

கட்டளைகளையும், லினக்ஸின் மையமான கர்னலுக்குப் பூட் ஆகும்போது கொடுக்கும் அளவுருக்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். புள்ளி, அடிக்கோடு, சமக்குறி எல்லாம் உள்ளபடியே வர வேண்டும்.

எதையும் தொடும் முன்

பயாஸைப் புதுப்பியுங்கள். இதைச் சொன்னாலே பலருக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனால் தூக்கம், பேட்டரி, மின்விசிறி, திரை வெளிச்சம் இவற்றை எப்படிக் கையாள்வது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணைகள் பயாஸுக்குள்தான் இருக்கின்றன. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அவற்றை விண்டோஸில் மட்டும் ஓட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். லினக்ஸ் கர்னலே பயாஸிடம் பேசும்போது தன்னை விண்டோஸ் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. "நான் லினக்ஸ்" என்று சொல்லும் வழக்கத்தை 2007-இல் விட்டுவிட்டார்கள். அந்தப் பதிலுக்கென்று பயாஸில் எழுதப்பட்டிருந்த பகுதி சோதிக்கப்படாமல் இருந்ததால், அதைத் தொட்டால்தான் கணினி கெட்டது.

புதுப்பிக்க விண்டோஸ் வேண்டியதில்லை. ரெட்ஹாட்டின் ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் தொடங்கிய எல்விஎஃப்எஸ் சேவையில் பல நிறுவனங்கள் ஃபர்ம்வேரை (பயாஸ் போலச் சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) ஏற்றி வைக்கின்றன. எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் கட்டளையோடு கெட்-அப்டேட்ஸ் என்று கொடுத்தால் உங்கள் மாடலுக்கு ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் புதிய கர்னல் ஒன்றை ஒரு முறையாவது பூட் செய்து பாருங்கள். வழு ஏற்கெனவே சரியாகியிருந்து, உங்கள் விநியோகத்துக்கு (உபுண்டு, ஃபெடோரா போன்றது) இன்னும் வந்து சேராமல் இருக்கலாம்.

கர்னல் அளவுருவைச் சோதிக்க, பூட் ஆகும்போது கிரப் எனும் தொடக்கப் பட்டியலில் 'இ' விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அதைச் சேர்த்துவிட்டு கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். பலிக்காவிட்டால் அடுத்த முறை தானாகவே போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இணையத்தில் கிடைத்த ஆறு அளவுருக்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு "சரியாகிவிட்டது" என்றால், எதனால் சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, யாருக்கும் சொல்லவும் முடியாது.

அறிகுறி: திடீரென்று முழுதாக உறைந்து போகிறது

உறைந்தவுடன் பவர் பொத்தானை அழுத்தாதீர்கள். அந்த நிமிடம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி.

கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் கர்னல் உயிரோடு இருக்கிறது, திரைதான் செத்தது. தட்டாமலே விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் அது கர்னல் பேனிக், அதாவது கர்னலே விழுந்துவிட்டது. எதுவுமே நடக்கவில்லையென்றால் வேறொரு கணினியிலிருந்தோ செல்போனிலிருந்தோ எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) மூலம் உள்ளே போய்ப் பாருங்கள். முன்கூட்டியே எஸ்எஸ்எச் சேவையை இயக்கி வைத்திருந்தால்தான் இது நடக்கும். அடிக்கடி உறையும் கணினியில் இன்றைக்கே இயக்கி வையுங்கள். உள்ளே போக முடிந்தால், கர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையின் வெளியீட்டை உடனே ஒரு கோப்பில் சேமியுங்கள். கிராபிக்ஸ் டிரைவர் எந்த வரியில் விழுந்தது என்பது அதில் இருக்கும்.

அதுவும் முடியாவிட்டால், ஆல்ட், சிஸ்ரிக் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஸ், யு, பி மூன்றையும் சில நொடி இடைவெளியில் தட்டுங்கள். பல லேப்டாப்களில் சிஸ்ரிக் என்பது பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான். டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதி, டிஸ்கைப் பூட்டி, மறுபடி பூட் செய்யச் சொல்லும் வரிசை இது. உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் ஆரம்பத்திலிருந்தே அனுமதி உண்டு. வேறு சில விநியோகங்களில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். வேலை செய்தால், மறுபடி பூட் ஆனதும் ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று கொடுத்து முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

இத்தனைக்கும் பதிலே இல்லை, பதிவிலும் ஒரு வரிகூட இல்லை என்றால், ப்ராசசர் மட்டத்திலேயே ஏதோ நின்றுபோயிருக்கிறது. இங்கேதான் இந்தத் துறையின் மிக நீண்ட காத்திருப்புகள் நடந்தன.

இன்டெல் பே டிரெய்ல் குடும்பச் சில்லுகள் 2013-இல் வந்தன. செலரான் ஜே1900, என்2840 எல்லாம் அந்த வகை. விலை குறைவு என்பதால் சின்ன லேப்டாப்களிலும் வீட்டுச் சர்வர்களிலும் நிறைய இருந்தன. லினக்ஸில் அவை காரணமே இல்லாமல் உறைந்தன. கர்னல் வழுப் பதிவேட்டில் 2015 டிசம்பரில் 109051 என்ற எண்ணில் அது பதிவானது. அந்தப் பதிவின் தலைப்பிலேயே கைவைத்தியம் இருந்தது: இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1. சும்மா இருக்கும்போது ப்ராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாமல் தடுக்கும் அளவுரு அது. உறைவது நின்றது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. ஆண்டுகள் ஓடின, பின்னூட்டங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. வேறு வேறு காரணத்தால் உறைந்த கணினிகளெல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் வந்து சேர்ந்ததால், எது எதன் அறிகுறி என்று பிரிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்குள்ளும் சில பயனர்கள் பொறுமையாக ஒரு வேலை செய்தார்கள். தூக்க நிலைகளை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் மூட வேண்டியதில்லை, சி6 என்ற ஒரே நிலையை மூடி சி7-ஐத் திறந்து வைத்தாலே பலருக்கு உறைவது நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு ஸ்கிரிப்டும் எழுதினார்கள். பேட்டரியும் பிழைத்தது. "எனக்கும் இதேதான்" என்று எழுதிய நூறு வரிகளைவிட அந்த ஒரு சோதனை அதிகம் சொன்னது.

நீங்களும் அப்படியே செய்யலாம். இன்டெல் என்றால் மேலே சொன்ன அளவுருவை 1 என்று போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். உறையவில்லையென்றால் 2, பிறகு 3 என்று ஏற்றுங்கள். எந்த எண்ணில் மறுபடி உறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி ரைசன் 2017-இல் வந்தபோதும் இதே கதை. சும்மா கிடக்கும் கணினி இரவில் உறைந்து கிடக்கும். கர்னல் பதிவேட்டில் அதன் எண் 196683. அங்கே பலருக்குப் பலித்தது கர்னல் அளவுருகூட இல்லை. பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற இடத்தில் டிப்பிகல் கரன்ட் ஐடில் என்று மாற்றுவது. ப்ராசசர் மிகக் குறைந்த மின்னோட்டத்துக்கு இறங்கும்போது ஏற்படும் தகராறு அது. பழைய ரைசன் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது உறைகிறதா, கடுமையாக வேலை செய்யும்போதா? வேலை செய்யும்போது என்றால் கர்னலைத் திட்டும் முன் மெம்டெஸ்ட்86+ ஓட்டி இரவு முழுக்க ரேமைச் சோதியுங்கள். ஒரு சிவப்பு வரி வந்தால்கூடப் போதும், ரேமை மாற்ற வேண்டும். ப்ராசசரே கெட்டிருப்பதும் உண்டு. முதல் தலைமுறை ரைசன் சிலவற்றில் பெரிய நிரல்களை லினக்ஸில் தொகுக்கும்போது தொகுப்பான் பாதியில் விழுந்தது. பயனர்கள் விடாமல் நிரூபித்த பிறகு ஏஎம்டி அந்தச் சில்லுகளை மாற்றிக் கொடுத்தது.

அறிகுறி: மூடி வைத்தால் எழுவதில்லை, அல்லது பைக்குள்ளேயே சூடாகிறது

கேட் கட்டளையால் சிஸ் அடைவில் பவர் என்பதன் கீழ் உள்ள மெம்_ஸ்லீப் கோப்பைப் படியுங்கள். எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு சொல் இருக்கலாம். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது.

டீப் என்பது பழைய எஸ்3 தூக்கம். ரேம் தவிர எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். எஸ்2ஐடில் என்பதில் கணினி அணைவதில்லை; ஒவ்வொரு சாதனமும் தானே அடங்கி ஒடுங்க வேண்டும். செல்போன் மாதிரி உடனே விழிக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் இந்த முறையை முன்னே தள்ளியது. அதன் பின் வந்த லேப்டாப்கள் பலவற்றில் தயாரிப்பாளர்கள் எஸ்3-ஐப் பயாஸிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வன்பொருளில் இருந்த ஒரு நல்ல வசதியை, வாங்கியவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது பெரிய அநியாயம். இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டு சொல்லும் இருந்தால் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்ற அளவுருவைச் சோதியுங்கள். பலித்தால் வேலை முடிந்தது. எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஏதோ ஒரு சாதனம் அடங்க மறுக்கிறது. அது எது என்று பிடிக்க வேண்டும். இன்டெல் கணினியில் கர்னலின் டீபக் அடைவில் பிஎம்சி_கோர் என்பதன் கீழே எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்சி_யுசெக் என்ற கோப்பு இருக்கும். தூங்கவைக்கும் முன்னும் பின்னும் அதைப் படியுங்கள். எண் ஏறவே இல்லையென்றால் கணினி ஆழ்ந்த நிலைக்குப் போகவே இல்லை என்று பொருள். பேட்டரி கரைவதற்கும் பை சூடாவதற்கும் அதுதான் காரணம். ஏஎம்டி கணினிக்கு அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே ஏஎம்டி_எஸ்2ஐடில் என்ற பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதித் தந்திருக்கிறார்கள். ஒரு முறை தூங்கவைத்து எழுப்பி, எது தடுக்கிறது என்று சாதாரண மொழியில் சொல்லிவிடும். இதே மாதிரி ஒன்று எல்லா நிறுவனமும் தந்தால் எத்தனை பேருடைய மாலை நேரம் மிஞ்சும்!

மூடிய லேப்டாப் தானே விழித்துக்கொள்கிறதா? ப்ராக் அடைவில் ஏசிபிஐ கீழே உள்ள வேக்கப் கோப்பைப் பாருங்கள். யார் யார் கணினியை எழுப்பலாம் என்ற பட்டியல் அது. எக்ஸ்எச்சி என்பது யுஎஸ்பி. அந்தப் பெயரைப் பட்டியலில் உள்ளபடியே பெரிய எழுத்தில், ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) எக்கோ செய்து அதே கோப்பில் எழுதினால் அனுமதி நின்றுவிடும். மவுஸ் அசைந்ததால் எழுந்த கணினிகளை நான் இப்படித்தான் பிடித்தேன்.

எழும்போது கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால் பிஎம்_டெஸ்ட் உதவும். சிஸ் அடைவில் பவர் கீழே அந்தக் கோப்பில் ஃப்ரீசர் என்று எழுதிவிட்டுத் தூங்கவைத்தால், அந்தப் படிவரை மட்டும் போய் ஐந்து நொடியில் திரும்பிவிடும். அடுத்து டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசசர்ஸ், கோர். எந்தப் படியில் திரும்பவில்லையோ அங்கேதான் வழு. டிவைசஸில் நின்றால் சந்தேகப்படும் டிரைவரை மாட்ப்ரோப் -ஆர் கொடுத்து இறக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். எந்த டிரைவர் என்றே தெரியவில்லை என்றால் பிஎம்_டிரேஸ் இருக்கிறது. கடைசியாக எழுப்ப முயன்ற சாதனத்தின் அடையாளத்தை அது கணினியின் கடிகாரச் சில்லில் எழுதி வைக்கும். மறுபடி பூட் செய்ததும் டிமெஸ்க்கில் அந்தச் சாதனத்தின் பெயர் தெரியும்; கடிகாரம் மட்டும் கன்னாபின்னா என்று மாறியிருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வைஃபை பலவீனம், அடிக்கடி அறுந்து போகிறது

எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று கொடுத்து எந்தச் சில்லு, எந்த டிரைவர் என்று முதலில் பாருங்கள்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபை.பவர்சேவ் = 2 என்று வைத்தால் மின்சேமிப்பு நின்றுவிடும். ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் என்றால் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ தொகுதிக்கு (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=1 கொடுத்துப் பாருங்கள். அது பலித்தால் கோளாறு ரேடியோவில் இல்லை, பிசிஐ இணைப்பின் மின்சேமிப்பில் இருக்கிறது. அறிக்கையில் இதைச் சொல்லுங்கள்.

ரூட்டர் பக்கத்திலேயே இருந்தும் ஒரே ஒரு கோடுதான் காட்டுகிறது, சில்லு ஆர்டிஎல்8723பிஇ என்றால் கதை வேறு. சில லேப்டாப்களில் செலவைக் குறைக்க ஒரே ஆன்டெனா வைத்தார்கள். அட்டைக்குள் இருக்கும் நினைவகமோ இன்னொரு முனையைப் பார்க்கச் சொன்னது. சிக்னல் எப்படி வரும்? ஆர்டிஎல்8723பிஇ தொகுதிக்கு ஏஎன்டி_செல்=1 அல்லது 2 என்று கொடுத்தால், இரண்டில் ஒன்றில் வைஃபை உயிர் பெறும். பெட்டியைத் திறந்து வயரை மாற்றினால் உத்தரவாதம் போய்விடுமே என்று அந்த அளவுருவைச் சேர்த்தவர் லேரி ஃபிங்கர். சம்பளம் வாங்காமல், சுமார் இருபது ஆண்டுகள் பிராட்காம், ரியல்டெக் வைஃபை டிரைவர்களைக் கவனித்துக்கொண்டவர். 2024 ஜூனில் காலமானார். மலிவு லேப்டாப்பில் வைஃபை கிடைத்த எத்தனையோ பேருக்கு அவர் பெயர் தெரியாது. வழு ஏன் சரியாகவில்லை என்று கோபம் வரும்போதெல்லாம், அந்தப் பக்கம் இப்படி ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கலாம் என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

அறிகுறி: திரை மினுக்குகிறது, வெளிச்சம் மாறவில்லை, கறுப்பாகவே நிற்கிறது

மினுக்கம் பெரும்பாலும் பிஎஸ்ஆர் எனும் வசதியால் வரும். திரையில் மாற்றமில்லாதபோது கிராபிக்ஸ் சில்லை ஓய்வெடுக்கவிட்டு, திரையே பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருப்பது அது. இன்டெல்லில் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0. ஏஎம்டியில் ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க் அளவுருவுக்குப் பதினாறடிமான 10 (0எக்ஸ்10 என்று தட்ட வேண்டும்) கொடுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி பிஎஸ்ஆர்தான். உங்கள் திரைப் பலகையின் மாடல் எண்ணை அறிக்கையில் சேர்க்க மறக்காதீர்கள்.

வெளிச்ச விசை வேலை செய்யவில்லையென்றால் ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ், இல்லையேல் வெண்டார், இல்லையேல் வீடியோ. மூன்றில் எது பலிக்கிறதோ அதுவே விடை. அதை, கணினியின் மாடல் விவரம் காட்டும் டிஎம்ஐடிகோட் கட்டளையின் வெளியீட்டோடு எழுதி அனுப்பினால் கர்னலில் உங்கள் மாடலுக்கு ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். சரிசெய்யச் சுலபமான வழு வகை இதுதான்.

பூட் ஆகும்போதே கறுப்பு என்றால் நோமோட்செட் அளவுருவைப் போட்டு உள்ளே போங்கள். என்விடியா அட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டற்ற டிரைவரான நூவோ மெதுவாக இருப்பதற்கு அதை எழுதியவர்களைத் திட்டாதீர்கள். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியா தன் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே ஏற்கும்படி செய்தது. சில்லின் வேகத்தை ஏற்றும் சாவி நூவோவுக்குக் கிடைக்கவில்லை. 2022 மே மாதத்தில் நிறுவனம் தன் கர்னல் தொகுதிகளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆனால் அது டூரிங் தலைமுறையிலிருந்துதான். இடைப்பட்ட 900, 1000 வரிசை அட்டைக்காரர்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நல்ல கைவைத்தியம் என்னிடம் இல்லை. நிறுவனத்தின் மூடிய டிரைவர் இருக்கும் வரை அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

அறிகுறி: டிஸ்க் திடீரென்று எழுத மறுக்கிறது, அல்லது தானாக நிரம்பிவிடுகிறது

வேலை செய்துகொண்டிருக்கும்போதே எல்லாக் கோப்பும் படிக்க மட்டும் என்று ஆகிவிட்டால் உடனே காப்புப் பிரதி எடுங்கள். டிஸ்கே சாகும் நிலையில் இருக்கலாம். ஸ்மார்ட் சோதனையில் டிஸ்க் நலமாக இருந்தால் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியின் மின்சேமிப்பைப் பாருங்கள். 2017-இல் கர்னலில் ஏபிஎஸ்டி என்ற மின்சேமிப்பு வசதி வந்தபோது, சில சாம்சங் எஸ்எஸ்டிகள் சில குறிப்பிட்ட கணினிகளில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்த் திரும்பவே இல்லை. டெல் எக்ஸ்பிஎஸ் 15 9550 அப்படி ஒன்று. அதற்குக் கர்னலிலேயே விதிவிலக்கு எழுதப்பட்டது. என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0 என்பது தூக்கத்தை முழுக்க நிறுத்தும். பலித்தால் 0-க்குப் பதில் 5500 போட்டுப் பாருங்கள். பல டிஸ்குகளில் கடைசி நிலை மட்டும் மூடப்பட்டு மற்றவை வேலை செய்யும். இரண்டின் முடிவும் தெரிந்தால் டிரைவர் பராமரிப்பவருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை.

டிஸ்க் நிரம்புவது வேறு விஷயம். வார் அடைவின் லாக் பகுதி பல ஜிபி வளர்ந்திருக்கும். உள்ளே பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட் என்று ஒரே வரி லட்சக்கணக்கில். இதற்கு இணையத்தில் பிசிஐ=நோஏஇஆர் போடச் சொல்வார்கள். அது காதைப் பொத்திக்கொள்வது மட்டும்தான். பிழை நடந்துகொண்டே இருக்கும். முதலில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் போடுங்கள். வரிகள் நின்றால் உண்மையான காரணமே, அதாவது அந்த இணைப்பின் மின்சேமிப்பே, அகப்பட்டது.

அறிகுறி: ஒலி இல்லை; டச்பேட் இல்லை

ஒலி அமைப்பில் டம்மி அவுட்புட் என்று மட்டும் காட்டினால் டிமெஸ்க்கில் சோஃப் (எஸ்ஓஎஃப்) என்ற சொல்லைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றிருந்தால் அந்தப் பொதியை நிறுவினாலே தீரும். அட்டை தெரிந்தும் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் உங்கள் மாடலுக்கான சிறப்புக் குறிப்பு கர்னலில் இல்லை என்று பொருள். ஆல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்டை ஓட்டி வரும் கோப்பை அனுப்புங்கள், அது இல்லாமல் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

டச்பேட் சிக்கலில் டிமெஸ்க்கைப் பொறுமையாகப் படியுங்கள். சினாப்டிக்ஸ் பலகை சிலவற்றில் கர்னலே, இந்த டச்பேட் வேறொரு பஸ்ஸையும் (தகவல் போகும் பாதை) தாங்கும் என்கிறது, பிஎஸ்மவுஸ்.சினாப்டிக்ஸ்_இன்டர்டச் என்பதை 1 ஆக்கிப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள் என்று முகவரியோடு ஒரு வரி அச்சிடும். அந்த வரியைப் பார்த்தும் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

அறிகுறி: வழுவைப் பதிந்தேன், பதிலே இல்லை

இதையும் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம். இதற்கும் காரணம் உண்டு.

என் பழைய லேப்டாப் ஒன்று தூங்கினால் எழாது. விநியோகத்தின் பதிவேட்டில் மாங்கு மாங்கென்று எழுதினேன். ஒரு வருடம் கழித்து ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தது: இந்தப் பதிப்பின் ஆயுள் முடிந்தது, வழு மூடப்பட்டது. தானியங்கி எழுதியது. அன்று உண்மையிலேயே மனம் வெறுத்துவிட்டது. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் 13 மாதம்; அது முடிந்ததும் திறந்திருக்கும் வழுக்கள் மூடப்படும். உபுண்டுவின் லாஞ்ச்பேடில், தகவல் போதவில்லை என்று குறிக்கப்பட்ட வழு 60 நாள் யாரும் பேசாவிட்டால் தானே காலாவதியாகும்.

பிறகு அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கே நேராக எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒரு கோப்பைக் கேட்டார், அனுப்பினேன். வந்த பேட்ச் (திருத்த நிரல்) இரண்டு வரி. அத்தனை நாளும் நான் தட்டியது தவறான கதவு.

சரியான கதவு எது என்பதைக் கர்னல் மூல நிரலில் உள்ள மெயின்டெய்னர்ஸ் கோப்பு சொல்லும். எந்த டிரைவருக்கு யார், எந்த அஞ்சல் பட்டியல் என்று அதில் இருக்கிறது. கர்னலின் பொதுவான வழுப் பதிவேட்டைப் பல பராமரிப்பாளர்கள் திறந்தே பார்ப்பதில்லை. இது புதியவர்களுக்கு யாரும் சொல்லித்தராத உண்மை.

எழுதும் முன் ப்ராக் அடைவில் சிஸ், கர்னல் கீழே டெயின்டட் கோப்பைப் பாருங்கள். 0 இல்லையென்றால் மூடிய டிரைவர் ஏதாவது ஏற்றப்பட்டிருக்கலாம். அந்த நிலையில் எடுத்த பதிவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். அதை இறக்கிவிட்டு வழுவை மறுபடி வரவழையுங்கள். விநியோகம் மாற்றிய கர்னலில் இல்லாமல் மூலக் கர்னலில் சோதியுங்கள். கடிதத்தில் மாடல், பயாஸ் பதிப்பு, கர்னல் பதிப்பு, முழு டிமெஸ்க், அப்புறம் எந்தக் கைவைத்தியம் பலித்தது, எது பலிக்கவில்லை. கோபத்தை எழுதாதீர்கள். வேறொருவரின் பதிவின் கீழ் உங்கள் கணினியைச் சேர்க்காதீர்கள். சில்லு ஒன்றானாலும் வழு வேறாக இருக்கலாம். பே டிரெய்லில் நடந்தது அதுதான்.

"முன்பு வேலை செய்தது, புதுக் கர்னலில் கெட்டது" என்றால் உங்கள் கையில் பலமான ஆயுதம் இருக்கிறது. ஏற்கெனவே ஓடியதைக் கெடுக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. 2021 முதல் தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் இத்தகைய பின்னடைவுகளை ரெக்ஸ்பாட் கருவியால் கண்காணிக்கிறார். ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பதினான்காயிரம் மாற்றங்கள் வாக்கில் இருக்கும். கிட் பைசெக்ட் ஒவ்வொரு படியிலும் பாதியைக் கழித்துவிடும் என்பதால் பதினான்கு முறை தொகுத்துப் பூட் செய்தால் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். ஒரு வார இறுதி போகும். ஆனால் எந்த மாற்றம் என்று பெயரோடு போகும் கடிதத்துக்குப் பதில் வராமல் நான் பார்த்ததில்லை.

பேட்ச் வந்து, அது உங்கள் விநியோகத்தின் கர்னலில் சேர்ந்ததும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அன்று போட்ட கைவைத்திய அளவுருவை கிரப் அமைப்பிலிருந்து நீக்குங்கள், கிரப்பைப் புதுப்பியுங்கள், பூட் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். உறையவில்லையென்றால் அதே அஞ்சல் இழையில் "இந்தக் கர்னல் பதிப்பில் சரியாகிவிட்டது" என்று ஒரு வரி போடுங்கள். அதே மாடலை அடுத்து வாங்கித் தேடி வருபவர் கண்ணில் முதலில் படப்போவது அந்த வரிதான்.